காலியாகத் திரும்பி வந்த தண்ணீர்ப் போத்தல்கள்

கஜன், தர்சினி,

இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கஜன் முதலில் படிக்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ செட்டிகுளத்தில் இருந்து போன் எடுத்தபோது ஒரு கதை சொன்னாய். "அப்பா, பத்து மணி தாண்டினா ஒருத்தன் தலை சுத்துது எண்டு குந்துறான். அவனைப் பாத்து மற்றவனும் குந்துறான். எல்லாம் நடிப்பு. ரெண்டு பேச்சுக் குடுத்தாத்தான் எழும்புறாங்கள்" என்றாய். நான் "ஓம், ஓம், கவனம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நீ வீதி வேலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. உன்னுடைய சொல்லுக்குப் பதினான்கு பேர் வெயிலில் நிற்கிறார்கள்.

போனில் இதைச் சொன்னால் நீ இடையில் மறித்துக் கதைப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குப் பத்தாம் வகுப்புவரைதான் படிப்பு. எழுத்துப் பிழை இருந்தால் தர்சினி திருத்தலாம். நடந்ததைத் திருத்தவேண்டாம்.

நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மா பயந்ததெல்லாம் வெடிக்குத்தான். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தேன். ஆறு கிழமைப் பயிற்சி தந்தார்கள். முழங்காலில் இருக்கப் பழகினோம், மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டப் பழகினோம், பயத்தை வாய்க்குள் வைத்திருக்கப் பழகினோம். அதற்குப் பிறகு பல வருடம் பளை, மாங்குளம், கடைசியாகக் கொக்கிளாய். கடைசி நான்கு வருடம் நான் ஒரு பிரிவுக்குத் தலைவன். எனக்குக் கீழே பன்னிரண்டு பேர், அதில் ஐந்து பேர் பெண்கள்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. நாங்கள் லேன் என்போம். இரண்டு பக்கமும் தடி நட்டிருக்கும். வெள்ளைத் தடிக்குள் இருப்பது பார்த்து முடித்த நிலம். முன்னால் குறுக்கே ஒரு சிவப்புத் தடி கிடக்கும். அதற்கு அங்கால் கால் வைக்கக்கூடாது. ஒருவருடைய லேனுக்கும் அடுத்தவருடைய லேனுக்கும் இடையில் நல்ல தூரம் விடுவோம். உடம்பில் கழுத்தில் இருந்து தொடைவரை ஒரு தடித்த கவச அங்கி, முகத்துக்குக் கண்ணாடி போன்ற ஒரு கவசம். அந்த முகக்கவசத்துக்குள் சொந்த மூச்சே சூடாகத் திரும்பி வந்து முகத்தில் படும். ஐம்பது நிமிட வேலை, பத்து நிமிட ஓய்வு. நான் விசில் ஊதினால் வெளியே வருவார்கள், திரும்ப ஊதினால் உள்ளே போவார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிப்போம்.

எங்களுக்கு மேலதிகாரியாக நாசர் நானா இருந்தார். முல்லைத்தீவு ஆள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் சத்தம்போட்டு நான் ஒருநாளும் கேட்கவில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். நாங்கள் கிட்டப்போய்க் காதைக் கொடுத்துப் பேச்சு வாங்கவேண்டும். நோன்பு மாதத்தில் லேன் பக்கம் வராமல் கூடாரத்தில் இருந்து எழுத்து வேலை பார்ப்பார். "என்ரை நோன்பில உங்கட கையோ காலோ போகப்படாது, தம்பி" என்பார்.

வெயிலை அவர் வெடியைப்போல நடத்தினார். விடிய வந்தவுடன் ஆண்களை வரிசையாக நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன நிறம்?"

"பிளேன்ரீ, நானா."

"சாயம் கூடவோ, குறையவோ?"

"கொஞ்சம் கடும் சாயம்தான்."

"அப்ப ரெண்டு போத்தல் குடிச்சிட்டு நிழல்ல இரு. பிறகு பாப்பம்."

அடுத்தவன், "எனக்கு இளநி, நானா" என்பான்.

"இளநியோ? முகத்தைப் பாத்தா கருப்பட்டி மாதிரிக் கிடக்கு. பொய் சொல்லாம உண்மையைச் சொல்லு."

எல்லோரும் சிரிப்பார்கள். விளங்கியிருக்கும், அவர் கேட்டது சிறுநீரின் நிறம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் முதலில் அதில்தான் தெரியும், பால் விடாத தேநீர்போலக் கறுத்துவிடும். பெண்கள் பக்கம் வந்தால் மூன்று அடி தள்ளி நின்று, நிலத்தைப் பார்த்தபடி, "பிள்ளையள், எல்லாரும் சுகமோ?" என்பார். "ஓம் நானா" என்பார்கள். அவ்வளவுதான். அவர் மரியாதையான மனுசன், அவர்கள் மானமுள்ள பிள்ளைகள். அதில் பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெண்களுக்குப் பதிலாக நான் போத்தலைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் ஆளுக்கு ஒரு லீற்றர்ப் போத்தல் கொண்டுபோகவேண்டும். வெளியே வரும்போது போத்தல் காலியாக இருந்தால் புத்தகத்தில் சரி அடையாளம் போடுவேன். ஆண்கள் சிலர் பாதியோடு திரும்பி வந்து பேச்சு வாங்குவார்கள். பெண்கள் ஐந்து பேரினதும் எப்போதும் காலிதான். நான் அதை வைத்து ஆண்களை நக்கலடித்திருக்கிறேன். "பொம்பிளைப் பிள்ளையளைப் பாத்துப் பழகுங்கோ" என்று.

கொக்கிளாயில் நாங்கள் வேலைசெய்தது கடல்நீர்க் களப்புக்குப் பின்பக்கம் பற்றைக்காடு. மழைக்குச் சேறு, வெயிலுக்குக் கல். சித்திரை போய் வைகாசி பிறக்கப் போகிற நேரம். தென்மேற்குச் சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. பற்றைக்குள் காற்று அடைத்துப்போய்ச் சூளைமாதிரி இருக்கும்.

அன்றைக்கு ராணி ஒன்பது நாள் லீவு முடிந்து வந்திருந்தாள். என் பிரிவில் மிகவும் அமைதியான பிள்ளை. முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய். என்னைக் கண்டால் குரலைத் தணித்து "அண்ணை" என்பாள். சின்னவனுக்கு டெங்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கூட நின்றவள். நாசர் நானா ஒரு விதி வைத்திருந்தார். ஒரு கிழமைக்குமேல் லீவில் நின்றவருக்கு வெயில் பழக்கம் விட்டுப்போயிருக்கும், முதல் மூன்று நாளும் அரைவாசி நேரம்தான் வேலை கொடுக்கவேண்டும். நான் அதைச் சொன்னேன்.

"ராணி, இண்டைக்கு உமக்கு அரை நேரம்தான்."

"ஏன் அண்ணை? நான் என்ன வருத்தக்காரியே? வருத்தம் பிள்ளைக்கெல்லோ."

அவளுக்கு அடுத்த லேன்காரி புஷ்பம் வாய் சும்மா இருக்காது. "விடுங்கோ அண்ணை. ஒன்பது நாள் சும்மா இருந்து கொழுத்துப்போனாள். கொஞ்சம் கரையட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ராணியும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, "சரி, ஏலாட்டிச் சொல்லும்" என்று முழு நேரம் போட்டுவிட்டேன். கஜன், இந்த இடத்தைத் திரும்பப் படி. தனக்கு ஏலாது என்று ஆட்கள் சொல்லுவார்கள் என்று நீ நம்பக்கூடாது. நிறையப் பேர் சொல்லமாட்டார்கள். சொல்லவேண்டிய நேரம் வரும்போது சொல்லுகிற மூளை அவர்களிடம் இருக்காது.

பத்தரை மணி கழிந்து நான் லேன்களின் பின்னால் நடந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ராணியின் சிவப்புத் தடி கோணலாகக் கிடந்தது. அவளுடைய தடி ஒருநாளும் கோணியது கிடையாது.

"ராணி, தடியை நேர வையும்" என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன்.

"போ அங்கால! எனக்குப் படிப்பிக்க வராத!" என்றாள். பெரிய சத்தம். பக்கத்து லேன்களில் கைகள் நின்றுவிட்டன.

எனக்கு முகம் சுட்டது. இத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெண் என்னை இப்படிச் சொல்லிவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அவளுடைய அங்கியின் முதுகு வியர்வையில் நனைந்திருந்ததையும் கண்டேன். வியர்க்கிற ஆளுக்கு வெயிலடித்து வெப்ப மயக்கம் வந்திருக்காது என்று பயிற்சியில் யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். அது பிழை. கடினமாக வேலை செய்கிறவருக்கு வியர்த்துக்கொண்டே வெயிலடிக்கும். ஆள் தன்பாட்டில் இல்லாமல் போவதுதான் பெரிய அடையாளம். சாதுவான ஆள் சண்டை பிடிப்பார், கலகலப்பான ஆள் வாயடைத்துப் போவார், கால் பின்னும், கேட்டதற்குப் பொருந்தாத பதில் வரும். அன்றைக்கு ராணியிடம் கண்டதை நான் நெஞ்சழுத்தம் என்று எடுத்துக்கொண்டேன். ஓய்வுக்கு வரட்டும், நாசர் நானாவுக்கு முன்னால் விசாரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, புத்தகத்தை விரித்து அவளைப் பற்றி எழுதத் தொடங்கினேன். நாலைந்து நிமிடம் இருக்கும். அந்த நாலைந்து நிமிடத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரமாட்டார்கள்.

"அண்ணை! ராணியைப் பாருங்கோ!"

புஷ்பத்தின் சத்தம். நிமிர்ந்தேன். ராணி எழும்பி நின்றாள். முகக்கவசத்தைக் கழற்றி எறிந்திருந்தாள். இடமும் வலமும் ஆடிக்கொண்டு, இன்னும் வெடி தேடி முடிக்காத நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். சிவப்புத் தடி அவளுடைய பெருவிரலுக்கு முன்னால் கிடந்தது.

நீண்ட விசில் ஊதினேன். எல்லோரும் இருந்த இடத்திலேயே உறைந்தார்கள். எங்கள் வேலையில் ஓடக்கூடாது. ஓடினால் நான் விழுவேன், விழுந்தால் வெள்ளைத் தடிக்கு வெளியே விழுவேன். லேனுக்குள் நடந்தேன். பதினைந்து மீற்றர் இருக்கும். இடுப்பில் இருந்த வோக்கிடோக்கியில் நாசர் நானாவின் குரல் வந்தது. அவர் லேன்களின் அந்தக் கரையில் நின்று பார்த்திருக்கிறார்.

"தம்பி, நடவுங்கோ. நடந்து போங்கோ. அவவோட கதையுங்கோ. கதையை விடாதேங்கோ."

"ராணி, அப்பிடியே நில்லும், பிள்ளை. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுட்டுதோ?"

"கதவைத் திறவுங்கோ" என்றாள்.

"எந்தக் கதவு?"

"வீட்டை போகோணும். ஏன் பூட்டி வைச்சிருக்கிறியள்?" முன்னால் கையை நீட்டி எதையோ தள்ளினாள். பிறகு வலது காலைத் தூக்கினாள். தடிக்கு மேலால் அந்தக் கால் அந்தரத்தில் நின்றது.

அவளுடைய அங்கியின் பின்பட்டியில் என் கை விழுந்தது அப்போதுதான். நேராகப் பின்னுக்கு இழுத்தேன். நான் மல்லாக்க விழ, அவள் எனக்குமேல் விழுந்தாள். கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்ததுபோல இருந்தது. உடம்பு அனல். என் முழங்கையில் இருந்து வெள்ளைத் தடிக்கு ஒரு சாண்கூட இல்லை. அவள் கால் வைக்க இருந்த இடத்தைப் பிறகு தோண்டிப் பார்த்தோம். அங்கே என்ன கிடந்தது என்பதை நான் ராணிக்கு இன்றுவரை சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

ஸ்ரெச்சரில் வைத்து ஓய்வுக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தோம். சாரதி அம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து எஞ்சினையும் இயக்கிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியால ஓட்டம். ரோட்டும் பள்ளமும் மேடும். எல்லோரும் "ஏத்துங்கோ, ஏத்துங்கோ" என்கிறார்கள். நாசர் நானா கதவை மறித்து நின்றார்.

"ஏத்தாதேங்கோ. முதல் குளிர். பிறகு வண்டி."

"நானா, ஆள் முடியப்போகுது!" என்று கத்தினேன்.

"அதுக்குத்தான் சொல்லுறன், தம்பி. ஒரு மணித்தியாலம் இந்தச் சூட்டோட போனா அங்க போய்ச் சேரமாட்டா. தண்ணியைக் கொண்டாங்கோ." குரல் இன்னும் மெதுவாகிவிட்டிருந்தது.

அங்கியைக் கழற்றினோம். சப்பாத்தைக் கழற்றினோம். சட்டைக்கு வந்தபோது ஆண்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டோம். எங்களுடைய மருத்துவ உதவியாளரும்தான், அவனும் கத்தரிக்கோலோடு நின்றான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உயிர் போகிற நேரத்தில் ஆறு ஆண்பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றோம்.

புஷ்பம்தான் எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "என்ன மாப்பிளை பாக்கவோ வந்தனியள்? தறப்பாளைப் பிடிச்சுக்கொண்டு அங்கால திரும்பி நில்லுங்கோ!" என்றாள். கத்தரிக்கோலைப் பறித்துச் சட்டையை வெட்டினாள். நாங்கள் தறப்பாள் விரிப்பை வேலிபோலப் பிடித்துக்கொண்டு நிற்க, பெண்கள் பீப்பாய்த் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் இருந்து கால்வரை ஊற்றினார்கள். உதவியாளர் வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐஸ் பெட்டிக்குள் இருந்த ஐஸைத் துவாயில் சுற்றிக் கழுத்திலும் கமக்கட்டிலும் தொடைச்சந்திலும் வைக்கச் சொன்னான். ஈரச் சாரத்தால் மூடி, மட்டையால் விசிறச் சொன்னான். யாரோ வாயில் தண்ணீர் வைக்கப் போக, "வாய்க்குள்ள ஒண்டும் ஊத்தாதேங்கோ, மூச்சுக்குழலுக்குள்ள போகும்" என்று தடுத்தான். அவள் வாந்தியெடுத்தாள். ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தறப்பாளின் விளிம்பு என் விரல்களை வெட்டியது. பின்னால் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவளுடைய சின்னவனுக்கு நான் என்ன சொல்லுவேன் என்று நினைத்தேன். பிறகு உங்கள் இரண்டு பேரையும் நினைத்தேன்.

"குளிருது" என்று ஒரு முனகல் கேட்டது.

புஷ்பம் அழத் தொடங்கினாள். "குளிருதாமடி! குளிரட்டும், நல்லாக் குளிரட்டும்!" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நாசர் நானா வண்டியில் ஏற்றவிட்டார். வழியெல்லாம் கண்ணாடிகளைத் திறந்துவிட்டு ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் வெளியே வந்து, "கொண்டுவர முதலே குளிரப்பண்ணினது ஆர்?" என்று கேட்டா. எல்லோரும் நாசர் நானாவைப் பார்த்தோம், அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதாலதான் ஆள் இருக்கிறா. ஆனா சிறுநீரகத்தை ரெண்டு நாள் பாத்துத்தான் சொல்லுவன். உடம்பில தண்ணியே இல்லை. காலமை துவக்கம் ஒண்டும் குடிக்கேல்லைப்போல."

"இல்லை டொக்டர். நாலு லீற்றர் குடிச்சவா" என்றேன். புத்தகம் என் கையில்தான் இருந்தது. திறந்து சரி அடையாளங்களைக் காட்டினேன். அவ அதைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா, உள்ளே போய்விட்டா.

புஷ்பம் வாங்குப் பலகையில் இருந்தாள். உடுப்பெல்லாம் ஈரம். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணை, அவள் குடிக்கேல்லை."

"போத்தல் காலியாத்தானே வந்தது?"

"மண்ணுக்கு ஊத்தினது. நாங்கள் ஐஞ்சு பேரும் அப்பிடித்தான். மண் கல்லு மாதிரிக் கிடக்கு, ஊத்தினாச் சுரண்ட லேசு. உங்களுக்கும் போத்தல் காலி."

"ஏன் பிள்ளை? தாகம் இல்லையோ?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தாகம் இல்லாமலோ! குடிச்சா எங்க அண்ணை போறது? எங்கட கக்கூசை அந்தக் கடைசித் தொங்கலில கட்டி வைச்சிருக்கிறியள். அங்கியைக் கழட்டி, ஆம்பிளையள் இருக்கிற கூடாரத்துக்கு முன்னால நடந்து போய், திரும்பி வந்து அங்கியைப் போடுறதுக்குள்ள பத்து நிமிசம் முடிஞ்சிடும். நீங்கள் விசிலை ஊதிக்கொண்டு நிப்பியள். ரெண்டாம் தரம் போனா, 'என்ன, வயித்தால போகுதோ?' எண்டு ஒருத்தன் கேப்பான். அதைவிடத் தாகம் பறவாயில்லை."

அந்த இடத்தில் கட்டச் சொன்னது நான்தான். பெண்பிள்ளைகளுக்கு மறைவாக இருக்கட்டும், ஆண்களின் கண்ணுக்கு எட்டாமல் தூரமாக இருக்கட்டும் என்று நானே இடம் பார்த்துத் தடி நட்டேன். நல்லது செய்தேன் என்று அன்றைக்குப் பெருமையும் பட்டிருந்தேன்.

நாசர் நானா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நான் ஆம்பிளையளைத்தான் கேட்டனான்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

ராணி பிழைத்தாள். சிறுநீரகமும் தேறியது. இரண்டு மாதம் கழித்து வந்து களஞ்சிய வேலை பார்த்தாள். லேனுக்குள் நாங்கள் விடவில்லை. என்னை ஏசியது அவளுக்கு நினைவில்லை. யாரோ சொல்லி அறிந்து, மன்னிப்புக் கேட்க வந்தாள். நான் எங்கே முகத்தை வைப்பது? அதன்பிறகு பெண்களிடம் நிறம் கேட்கும் வேலையைப் புஷ்பத்திடம் கொடுத்தார் நாசர் நானா. அவள் ஆண்களைவிட மோசமான பகிடியெல்லாம் விட்டுக் கேட்பாளாம். கூடாரத்துக்குள் சிரிப்புச் சத்தம் எங்களுக்கும் கேட்கும்.

கஜன், உன் ஆட்களில் குந்துகிறவன் நடித்தால் நடித்துவிட்டுப் போகட்டும். நிழலில் இருத்தி, காலை நீட்டவிட்டு, உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடு. அரை மணித்தியாலம் நட்டப்பட்டால் வீதி எங்கேயும் ஓடிப்போகாது. புதிதாக வந்தவனையும் லீவில் இருந்து வந்தவனையும் தனியாகக் கவனி. கதை தடுமாறினால் கேள்வி கேட்டுக்கொண்டிராமல் தண்ணீரை ஊற்று. உன் ஆட்களில் பெண்கள் இருக்கிறார்களா? அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டாயா? நீ கேட்க வெட்கமென்றால் கேட்கக்கூடிய ஒருத்தியைப் பிடி.

அன்று பின்னேரம் நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்ப நாலு மணி. எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வாசல் காவலாளியிடம், ஒரு சாமான் மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அங்கியையும் முகக்கவசத்தையும் போட்டுக்கொண்டு ராணியின் லேன் வாசலில் நின்றேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். கவசத்தைக் கழற்றி, அங்கியின் பட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தறப்பாளில் வைத்துவிட்டு நடந்தேன். ஆண்களின் கூடாரத்துக்கு முன்னால் போகும்போது ஒருவரும் இல்லாத அந்த வாங்குகளை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தொங்கலுக்குப் போய், கதவைத் திறந்து, உள்ளே ஒரு ஆள் நிற்கிற நேரம் நின்று, திரும்பி நடந்துவந்து அங்கியைப் போட்டுக் கடைசிப் பட்டியை இறுக்கினேன். பதினாறு நிமிடம்.

அங்கியைத் திரும்பக் கழற்றி வைத்தேன். களஞ்சியத்தில் இருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தத் தொங்கலுக்குப் போனேன். கக்கூஸ் தகரத்தில் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கல்லில் வைத்து நேராக்கி, காற்சட்டைப் பைக்குள் போட்டேன். முதல் தகரம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. சாரத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு லேன் பக்கமாக நடந்தேன்.